மணி கேட்கிறது, ஆடு எங்கே? இரும்பு ஏற்றிய ஸ்டெம் செல்லை எம்ஆர்ஐயில் தேடுபவர்களுக்கு

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் ஆடு மேய்ப்பவர்கள் மந்தையில் ஒன்றிரண்டு ஆட்டுக்குக் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள். கிளைகள் தரையோடு தாழ்ந்து கிடக்கும் தோப்பில் ஆடு கண்ணில் படாது. மணிச் சத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மந்தை போகிறது என்று வைத்துக்கொள்வார்கள். உடம்புக்குள் செலுத்திய ஸ்டெம் செல்லுக்கு நாங்கள் கட்டும் மணி இரும்பு ஆக்சைடு நானோ துகள். எம்ஆர்ஐ அந்த மணியைத்தான் கேட்கிறது. ஆட்டை அது பார்ப்பதே இல்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மனித எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வளர்த்து, இரும்பு ஏற்றி, எலியின் தொடைத் தசையில் போட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்த வேலையிலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். கடைசித் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

போகும் முன் ஒரு சின்ன அடிப்படை. துகளின் நடுவில் சில நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் அல்லது மேகமைட் படிகம் இருக்கும். அதன்மேல் டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைப் பூச்சு. காந்தப் புலத்துக்குள் வைத்தால் துகள் பலமாகக் காந்தமாகும். வெளியே எடுத்தால் காந்தத்தன்மை போய்விடும். ஸ்கேனருக்குள் இருக்கும்போது தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் கோணலாக்கும். அந்த இடத்து நீரின் புரோட்டான்கள் ஒரே தாளத்தில் சுற்ற முடியாமல் கலைந்துபோகும். சிக்னல் விழும், படத்தில் கருப்பாகத் தெரியும். இந்தக் கலைவை அப்படியே காட்டும் கிரேடியன்ட் எக்கோ என்ற ஸ்கேன் வகையில் எடுக்கும் டி2 ஸ்டார் படத்தில் இது நன்றாகப் புலப்படும்.

ஸ்லைடில் நீலமே வரவில்லை

முதலில் சாயத்தைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் செல்லை. இரும்பு இருந்தால் நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் முறையில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சாயம் போடும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்து வைத்தது இன்று உதவாது. துகளில் ஒரு சொட்டை வெறும் ஸ்லைடில் காயவைத்து அதன்மேல் சாயத்தை ஊற்றிப் பாருங்கள். நீலமானால் சாயம் சரி. இரும்பு செல்லுக்குள் போகவில்லை என்று பொருள்.

போகாததற்குப் பெரும்பாலும் காரணம், வேறொரு துகளுக்கு எழுதிய செய்முறையை நீங்கள் பின்பற்றுவது. பழைய கட்டுரைகள் பல பெரிடெக்ஸை வைத்து எழுதப்பட்டவை. அமெரிக்காவில் 1996ல் கல்லீரல் ஸ்கேனுக்காக அனுமதி பெற்ற மருந்து அது. 2008ல் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது பலர் கையில் இருப்பது ஃபெருமாக்சிடால். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரும்புக் குறைபாட்டுக்காக 2009ல் அனுமதிக்கப்பட்டது. ரத்தத்தில் நெடுநேரம் சுற்றுவதற்கேற்ற பூச்சு கொண்ட துகள் என்பதால் மஜ்ஜை ஸ்டெம் செல் அதை எளிதில் விழுங்காது. செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தில் அப்படியே கலந்து ஓரிரவு வைத்தால் காலையில் ஏமாற்றம்தான்.

இதற்கு 2012ல் வெளியான ஒரு வழி இருக்கிறது: செரம் (ரத்தத்தின் தெளிநீர்) இல்லாத மீடியத்தில் மில்லிலிட்டருக்கு ஹெபாரின் 2 யூனிட், புரோட்டமின் சல்பேட் 60 மைக்ரோகிராம், ஃபெருமாக்சிடால் 50 மைக்ரோகிராம். ஹெபாரினுக்கு எதிர்மின்னேற்றம், புரோட்டமினுக்கு நேர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது துகளையும் சேர்த்துக் கட்டிப் பொட்டலமாக்கிவிடும். அந்தப் பொட்டலத்தைச் செல் விழுங்கும். மூன்றும் மருத்துவமனைகளில் ஏற்கெனவே புழங்கும் மருந்துகள் என்பது இதன் பெரிய நன்மை. எங்களுக்கு இது முதல் மூன்று முறை தோற்றது. காரணம் செரம். மீடியத்தை மாற்றும்போது ஃப்ளாஸ்க்கைக் கழுவாமல் விட்டிருந்தோம். அடியில் தங்கிய கொஞ்சம் செரமே பொட்டலத்தைக் கெடுத்தது. இரண்டு முறை பிபிஎஸ் என்னும் உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவியபின் நான்காவது முறை நீலம் வந்தது.

நீலம் வருகிறது, ஆனால் செல்லுக்கு வெளியே

மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸ் திருகை மெல்ல மேலும் கீழும் திருப்புங்கள். உட்கரு தெளிவாகத் தெரியும் அதே மட்டத்தில் நீலப் புள்ளியும் தெளிந்தால் துகள் உள்ளே இருக்கிறது. உட்கரு மங்கும்போது புள்ளி தெளிந்தால் அது மேலே ஒட்டிக்கிடக்கிறது. அப்படிப்பட்ட செல்லை ஊசியில் ஏற்றினால் பாதி இரும்பு தனியாகக் கழன்று போய்விடும். மில்லிலிட்டருக்கு 10 யூனிட் ஹெபாரின் கலந்த பிபிஎஸ்ஸில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். வெளியே ஒட்டிய பொட்டலத்தை ஹெபாரின் பிரித்துவிடும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. போர் தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட்டில் பழுப்புக் கறை படிகிறதா? அப்படியானால் அதில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் அலசிய ஸ்லைடில் எங்கு பார்த்தாலும் நீலப் பொடி தெரியும். துருப்பிடித்த இடுக்கியும் இதையே செய்யும். கடல் காற்றில் இடுக்கி துருப்பிடிக்கப் பல நாள் ஆகாது. கடைசி அலசல்வரை காய்ச்சி வடித்த நீர், பிளாஸ்டிக் இடுக்கி, இவை இரண்டும் போதும். இரும்பு ஏற்றாத செல் ஒரு ஸ்லைடு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். அதிலும் நீலம் வந்தால் குற்றம் தண்ணீரில்.

செல்கள் கட்டிக்கொள்கின்றன, அல்லது சாகின்றன

இரும்பு கூடினால் படம் கருக்கும் என்று கூடக்கூட ஏற்ற ஆசை வரும். செய்யாதீர்கள். மஜ்ஜை ஸ்டெம் செல் ஒன்றுக்கு 10 முதல் 30 பிக்கோகிராம் இரும்பு என்பது வழக்கமான அளவு. செல்லின் அமிலப் பைகளுக்குள் துகள் மெல்லக் கரையும். கரைந்த இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து செல்லை அரிக்கும் ஆக்சிஜன் கூறுகளை உண்டாக்கும். சாகாமலே குணம் கெடவும் வாய்ப்புண்டு. 2004ல் வந்த ஓர் ஆய்வில் பெரிடெக்ஸ் ஏற்றிய மஜ்ஜை ஸ்டெம் செல்கள் கொழுப்பாகவும் எலும்பாகவும் மாறின, குருத்தெலும்பாக மாறுவது மட்டும் தடைப்பட்டது. மூட்டு வேலை செய்பவர்கள் ட்ரைபான் நீலச் சோதனையில் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று நிம்மதியாகிவிடக் கூடாது. அல்சியான் நீலம் போட்டுக் குருத்தெலும்பு உண்டாகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

செல் கட்டிக்கொள்வதற்கு எங்கள் அனுபவத்தில் வேறு காரணம். ஆய்வுக்கூடம் ஓரிடம், ஸ்கேன் இன்னோரிடம். ஐஸ் பெட்டியில் குழாயை நட்டு வைத்து ஈசிஆரில் போய்ச் சேர்வதற்குள் செல்கள் அடியில் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அதை அப்படியே மெல்லிய ஊசியில் அழுத்தித் தள்ளினோம். உள்ளே போனது பெரும்பாலும் சிதைந்த செல். ஒரு மாத வேலை அதில் போனது. அதன்பிறகு, போய்ச் சேர்ந்ததும் 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, அகன்ற நுனி பிபெட்டால் மெதுவாகக் கலக்கி, அங்கேயே எண்ணுகிறோம். ஆய்வுக்கூடத்தில் எண்ணிய எண்ணிக்கைக்கு மதிப்பில்லை; ஊசிக்குள் போகும் நேரத்து எண்ணிக்கைதான் கணக்கு.

கடல்பாசியில் கருப்பு, எலிக்குள் ஒன்றும் இல்லை

எலிக்குப் போகும் முன் அகரோஸ் ஜெல்லியில் செல்லைப் புதைத்து ஸ்கேன் எடுக்கிறோம் அல்லவா, நோன்புக் காலத்தில் வீட்டில் செய்யும் கடல்பாசிக்கு நெருங்கிய உறவு அது. சமையல் கடல்பாசியில் உப்பும் அழுக்கும் இருக்கும், அதனால் சுத்திகரித்த அகரோஸ்தான் வேண்டும். ஒரு லட்சம், ஐம்பதாயிரம், பத்தாயிரம், இரும்பு ஏற்றாத ஒரு லட்சம், வெறும் ஜெல்லி என்று ஐந்து குழாய் வையுங்கள். காற்றுக் குமிழ் ஒன்று சிக்கினாலும் அது ஐம்பதாயிரம் செல் போலக் கருப்பாகத் தெரியும். ஜெல்லியை ஊற்றும்போது அவசரப்படாதீர்கள்.

ஜெல்லியில் தெரிந்தது எலியில் தெரியாமல் போகக் காரணம் தேடும்போது கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு செல்லில் 15 பிக்கோகிராம் என்றால் ஒரு லட்சம் செல்லில் 1.5 மைக்ரோகிராம். அந்த இரும்பு ஒரே புள்ளியில் இருந்தால் தெரியும். தசை நார்களுக்கிடையே ஒழுகிப் பரவினால் ஒவ்வொரு வோக்சலுக்கும் (படத்தின் மிகச் சிறிய கனத் துண்டு) கிடைப்பது சொற்பம். ஸ்லைஸ் 5 மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் அந்தச் சொற்பமும் சுற்றியுள்ள தசையின் வெளிச்சத்தில் கரைந்துவிடும். மெல்லிய ஸ்லைஸ் உள்ள முப்பரிமாண கிரேடியன்ட் எக்கோ கேளுங்கள், எக்கோ நேரத்தையும் (துடிப்புக்கும் சிக்னலைப் படிப்பதற்கும் உள்ள இடைவெளி) கூட்டிப் பாருங்கள். ஸ்பின் எக்கோவில் எடுத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். புலக் கோணலால் கலைந்த புரோட்டான்களை 180 டிகிரி துடிப்பு பெருமளவு திரும்ப ஒன்றுசேர்த்துவிடும், கருப்பு குறையும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லையா? ஊசி தவறியிருக்கலாம். இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். மனிதர்களில் இந்த முறையை முதலில் பயன்படுத்தி 2005ல் வெளியிட்டவர்கள் நெதர்லாந்தின் நைமேகன் நகரக் குழுவினர். மெலனோமா புற்றுநோயாளிகளின் நிணநீர் முடிச்சில், நோய் எதிர்ப்பைத் தூண்டும் டென்ட்ரிடிக் செல்களுக்கு இரும்பு ஏற்றிச் செலுத்தினார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டும், எட்டுப் பேரில் நான்கு பேருக்குச் செல் முடிச்சுக்குள் சரியாகப் போய்ச் சேரவில்லை. எம்ஆர்ஐ எடுத்ததால்தான் அது தெரிந்தது. என் பார்வையில் இந்த நுட்பத்தின் உண்மையான பலம் இதுதான்: போட்ட அன்றே, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடும். அந்த ஒரு கேள்விக்கு எம்ஆர்ஐ தரும் விடையை நான் நம்புகிறேன்.

ஊசி போடும் முன்பே கருப்பு

முன்பே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால்தான் இது உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். எடுக்காதவர்கள் இந்தக் கருப்பையும் செல் என்று எண்ணிவிடுவார்கள். எலியின் காதில் போட்ட உலோக அடையாள வளையம், அறுவையில் விட்ட கிளிப், மண்டை ஓட்டைத் துளைத்த டிரில்லிலிருந்து உதிர்ந்த கண்ணுக்குத் தெரியாத உலோகத் துணுக்கு, எல்லாமே கருப்புதான். கால்சியப் படிவும் கருப்பு. அதை மட்டும் புரோட்டான் சுழற்சியின் கட்டத்தைக் காட்டும் ஃபேஸ் படத்திலோ, அதிலிருந்து காந்த ஏற்புத்தன்மையைக் கணிக்கும் கியூஎஸ்எம் கணக்கிலோ பிரித்துவிடலாம், ஏனென்றால் புலத்தில் இரும்பு ஒரு திசையில் விலகினால் கால்சியம் எதிர்த்திசையில் விலகும்.

பிரிக்கவே முடியாதது பழைய ரத்தக் கசிவு. ரத்தத்தில் இருப்பதும் இரும்பு. கசிந்த ரத்தம் சில வாரங்களில் ஹீமோசிடெரினாகி, ஏற்றிய துகளைப் போலவே கருக்கும். ஊசிக்குத்தே கொஞ்சம் ரத்தம் கசிய வைக்கும் என்பதையும் கவனியுங்கள். அதே ஊசியில், அதே ஆழத்தில், இரும்பு ஏற்றாத செல்லை வேறொரு எலிக்குப் போட்டுப் பார்க்காமல் எந்தக் கருப்பையும் உங்களுடையது என்று சொல்லாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்களைத் தேடி வந்தார். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டு அடிபட்ட மகனுக்குப் பணம் கட்டி எங்கோ ஸ்டெம் செல் போட்டிருக்கிறார். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "தம்பி, இந்தக் கருப்புதான் உள்ளே போட்ட செல்லுன்னு சொன்னாங்க. அது வளருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். போட்ட செல்லுக்கு யாரும் இரும்பு ஏற்றியிருக்கவில்லை. இரும்பு ஏற்றாத செல்லை எம்ஆர்ஐ தனியாகக் காட்டாது. படத்தில் தெரிந்தது, அடிபட்ட அன்று கசிந்த ரத்தத்தின் வடுவாகத்தான் இருக்க வேண்டும். "ஐயா, இது செல் இல்லீங்க, பழைய ரத்தம்" என்றேன். அவர் ஃபிலிமை மடிக்காமல் உறைக்குள் மெதுவாக வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் (ஐசிஎம்ஆர்) மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட ரத்தம் சார்ந்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைகளைத் தவிர மற்றவற்றை, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே மனிதர்களுக்குச் செய்யலாம். வீட்டில் யாருக்காவது இப்படி யோசனை வந்தால், இது எந்த ஆய்வு, யார் அனுமதித்தது என்று முதலில் கேளுங்கள்.

கருப்பு, போட்ட இடத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது

இது பிழையில்லை. புலக் கோணல் துகளைத் தாண்டியும் நீளும், எக்கோ நேரம் கூடக்கூடக் கருப்பும் விரியும். அதனால் கருப்பின் பரப்பை அளந்து இத்தனை செல் என்று கணக்குப் போடக் கூடாது. எக்கோ நேரத்தைக் குறைத்து ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

ரத்தக் குழாய் வழி ஏற்றினோம், கல்லீரல் கருத்துவிட்டது

வளர்த்தெடுத்த மஜ்ஜை ஸ்டெம் செல்லின் குறுக்களவு 15 முதல் 30 மைக்ரான். நுரையீரலின் நுண்குழாய் 10 மைக்ரானுக்கும் குறைவு. ரத்தக் குழாயில் ஏற்றிய செல்லில் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே நுரையீரலில் மாட்டிக்கொள்ளும். அதை எம்ஆர்ஐயில் பார்க்கவும் முடியாது, காற்று நிறைந்த நுரையீரல் ஏற்கெனவே கருப்பு. செல் எங்கே போனது என்று தெரியவேண்டுமானால் கதிரியக்க அடையாளம்தான் வழி: டெக்னீசியம் 99எம் என்றால் அரை ஆயுள் 6 மணி நேரம், இண்டியம் 111 என்றால் 2.8 நாள், சிர்கோனியம் 89 என்றால் 3.3 நாள். ஃப்ளோரின் 18க்கு 110 நிமிடம்தான். சென்னையிலிருந்து ஈசிஆரில் மூன்று மணி நேரத்தில் கொண்டுவந்தால் கிளம்பியதில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லீரல் ஏன் கருக்கிறது? அங்குள்ள குப்ஃபர் செல்கள் ரத்தத்தில் வரும் துகளை வடிகட்டி விழுங்குபவை. ஏற்றிய சில மணி நேரத்திலேயே கருத்தால் பெரும்பாலும் கழுவாமல் விட்ட துகள்தான். செல்லை எடுத்துவிட்டு, கடைசியாகக் கழுவிய நீரை மட்டும் ஒரு எலிக்கு ஏற்றிப் பாருங்கள். அதிலும் கல்லீரல் கருத்தால் கழுவும் வேலையை மறுபடி தொடங்க வேண்டும்.

பத்து நாளில் கருப்பு மறைந்துவிட்டது

முதலில் இரண்டு நாள் ஸ்கேனின் எக்கோ நேரமும் சிக்னலை வாங்கும் காயிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால், செல் பெருகியிருக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் இரும்பு பாதியாகிறது. ஐந்து பிரிவுக்குப் பிறகு 32ல் ஒரு பங்கு, அதாவது 15 பிக்கோகிராம் அரை பிக்கோகிராமுக்கும் கீழே வந்துவிடும். செத்துக் கலைந்து இரும்பும் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். நல்லதும் கெட்டதும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். ஸ்லைடு பார்க்காமல் முடிவு சொல்ல வழியில்லை.

மூன்று மாதமாகியும் கருப்பு அப்படியே இருக்கிறது

எல்லோரும் மகிழ்ந்துபோவது இந்த இடத்தில்தான், நாங்களும் மகிழ்ந்தோம். செல்கள் நிலைத்துவிட்டன என்று கட்டுரை வரைவில் ஒரு வரியும் எழுதிவிட்டோம்.

தோப்பில் நரி ஆட்டை அடித்துத் தின்றால் மணி சும்மா கிடக்கும். உடம்பில் அப்படிக்கூட இல்லை, நரி மணியையும் சேர்த்து விழுங்கிவிடும். செலுத்திய செல் செத்தால் மேக்ரோஃபேஜ்கள் வந்து அதை இரும்போடு விழுங்கி, அதே இடத்தில் வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் இருந்துவிடும். மணி அதே இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும், கழுத்து மட்டும் வேறு. மாரடைப்பு உண்டாக்கிய எலி இதயங்களில் செய்த ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்தது. கருப்பு நீடித்தது, திசுவை வெட்டிப் பார்த்தால் இரும்பு மேக்ரோஃபேஜுக்குள் இருந்தது. ஸ்கேனரை மாற்றினாலும் இது தீராது. இரும்பையே நேராக வெளிச்சப் புள்ளியாகக் காட்டும் காந்தத் துகள் படமெடுப்பு முறை 2005ல் அறிவிக்கப்பட்டது. ரத்தக் கசிவோடு குழம்பும் தொல்லை அதில் இல்லை, ஆனால் அதுவும் மணியைத்தான் கேட்கிறது. இரும்புக்குப் பதில் ஃப்ளோரினை ஏற்றித் தேடும் ஃப்ளோரின் 19 எம்ஆர்ஐக்கும் இதே கதை.

செல்லின் உயிரைக் கேட்க வேண்டுமானால், உயிர் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் ஒன்றைச் செல்லுக்குள் வைக்க வேண்டும். லூசிஃபரேஸ் மரபணு அப்படிப்பட்டது. லூசிஃபெரின் கொடுத்தால், ஆக்சிஜனும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறும் உள்ள உயிருள்ள செல் மட்டும் ஒளிரும்; செத்தால் அணைந்துவிடும். வெளிச்சம் உடம்பின் ஆழத்திலிருந்து வெளியே வராததால் இது சிறு விலங்குகளுக்கு மட்டும்தான். பெரிய உடம்புக்கு, அயோடைடைச் செல்லுக்குள் இழுக்கும் சோடியம் அயோடைடு கடத்தி மரபணுவை வைத்து, கதிரியக்க டெக்னீசியமோ அயோடினோ ஏற்றிப் பார்க்கலாம். இரும்பு இடத்தைச் சொல்லட்டும், மரபணு உயிரைச் சொல்லட்டும்.

மரபணு வேலைக்கு வசதி இல்லாத ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மலிவான வழி உண்டு. இரும்பு ஏற்றிய செல்லில் பாதியை உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்து உருக்கிக் கொன்றுவிடுங்கள். உயிருள்ளதை எலியின் வலது தொடையிலும் செத்ததை இடது தொடையிலும் அதே எண்ணிக்கையில் போடுங்கள். வாராவாரம் இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் மங்கினால் உங்கள் படம் உயிரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எங்கள் படத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே மங்கின. அப்புறம் வலது தொடையை வெட்டி, அடுத்தடுத்த சீவல்களில் மூன்று சாயம் போட்டோம்: இரும்புக்குப் பெர்ல்ஸ், எலி மேக்ரோஃபேஜுக்கு இடி1, மனிதச் செல்லுக்கு அதன் உட்கருவை மட்டும் அடையாளம் காட்டும் ஆன்டிபாடி. நீலம் இருந்த இடமெல்லாம் இடி1 இருந்தது. மனித உட்கரு ஒன்றுகூட இல்லை. வரைவிலிருந்த அந்த வரியை அன்று மாலையே அடித்துவிட்டு, "செலுத்திய இடத்தில் இரும்பு 12 வாரம் நீடித்தது" என்று எழுதினோம். இப்போது எங்களிடம் ஒவ்வொரு எலிக்கும் இடது தொடை செத்த செல்லுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.